பறவை தேடும் சோலை

ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி வடதிசையிலிருந்து நம் நாட்டுக்குப் பறவைகள் பல வந்து சேர்கின்றன. வெயில் ஏறத் தொடங்கியதும் வந்த வழியே திரும்பிச் செல்கின்றன. இதனை வலசை போதல் என்கிறோம். கடலையும் மலையையும் கடந்து வரும் இச்சிறு உயிர்கள் வழியை எவ்வாறு அறிகின்றன என்னும் வியப்பு நம் எல்லோருக்கும் உண்டு. கதிரவனும் விண்மீன்களும் பூமியின் காந்த ஆற்றலும் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன என்று அறிஞர் கூறுகின்றனர். ஆனால் வழி அறிந்து ஊர் வந்து சேர்ந்த பின்னர் இன்னொரு கேள்வி எழுகிறது. வந்து சேர்ந்த பறவை, எந்தக் காட்டில், காட்டின் எந்த மூலையில், எந்தச் செடியின் மேல் தங்குவது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறது?

காடு கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்த காலத்தில் இக்கேள்வி அவ்வளவு பெரிதன்று. எங்கு இறங்கினும் காடே. இன்றோ, வயலுக்கும் தோட்டத்துக்கும் சாலைக்கும் ஊருக்கும் இடையே காடு துண்டு துண்டாக நிற்கிறது. ஒரு துண்டு ஆயிரக்கணக்கான ஏக்கர். மற்றொன்று நான்கு ஏக்கர். வானிலிருந்து இறங்கும் பறவை இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நன்கு தேர்ந்தால் குஞ்சு பொரித்து இனம் வளரும். தவறாகத் தேர்ந்தால் அவ்வாண்டு உழைப்பு முழுதும் வீணாகும். ஆகவே இது சிறிய விஷயம் அன்று.

வெளியூருக்கு மாற்றலாகிப் போகும் ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்க நான்கு நாள்களே உள்ளன. அதற்குள் வாடகைக்கு வீடு பார்த்தாக வேண்டும். கோடையில் கிணறு வற்றுமா, மழையில் கூரை ஒழுகுமா என்பதைக் குடியிருந்து பார்த்து அறிய அவருக்குக் காலம் இல்லை. எனவே அடையாளங்களைப் பார்க்கிறார். சுவரில் நீர்க்கறை உண்டா? கிணற்றடியில் ஈரம் உண்டா? அண்டை வீடுகளில் குடும்பங்கள் குடியிருக்கின்றனவா? இவற்றைக் கொண்டு, காணாதவற்றை ஊகித்து முடிவு செய்கிறார். பறவை செய்வதும் ஏறத்தாழ இதுவே.

இதனை நன்கு விளக்கவல்ல பறவை ஒன்று வட அமெரிக்காவில் உள்ளது. வுட் த்ரஷ் என்று அந்நாட்டார் அதனை அழைக்கின்றனர். நம் நாட்டுப் பூங்குருவிகளின் உறவாதலின் நாம் காட்டுப் பூங்குருவி என்போம். முதுகு செம்பழுப்பு, மார்பு வெண்மை, வெண்மையின் மேல் கரும்புள்ளிகள். எடை 50 கிராம் அளவு, அதாவது ஒரு கோழிமுட்டையின் எடை. குழலோசை போன்ற அதன் பாட்டு அந்நாட்டாருக்கு மிகவும் உவப்பானது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியிலும், அதனை அடுத்த கனடாப் பகுதியிலும் உள்ள இலையுதிர் காடுகளில் இது கூடு கட்டுகிறது. குளிர்காலத்தைத் தெற்கு மெக்ஸிகோ முதல் பனாமா வரையுள்ள வெப்பக் காடுகளில் கழிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே திரும்புகிறது.

திரும்பும்போது அதற்குள்ள அவகாசம் மிகக் குறைவு. இடம் பிடிக்க வேண்டும், துணை தேட வேண்டும், கூடு கட்ட வேண்டும், முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்க வேண்டும். இவையெல்லாம் கோடை முடிவதற்குள் நடந்தாக வேண்டும். குஞ்சுகளுக்கு வேண்டிய புழு பூச்சிகள் அவ்விடத்தில் கிடைக்குமா என்பது சில வாரங்கள் கழித்தே தெரியவரும். அதுவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே பறவை இன்று கண்ணிற் படும் அடையாளங்களைக் கொண்டு நாளை வரப்போகும் நன்மையை ஊகிக்கிறது.

இவ்வேறுபாட்டைப் பறவை நூலார் தெளிவாக வகுத்துள்ளனர். டேவிட் லாக் என்னும் ஆங்கில அறிஞர் 1933-இல் பறவைகளின் இடத்தேர்வைப் பற்றி எழுதினார். பின்லாந்து நாட்டு ஓலாவி ஹில்டேன் 1965-இல் அதனை விரிவாக ஆராய்ந்தார். ஓரிடம் பறவைக்கு உண்மையில் நன்மை தருவதற்கான காரணங்கள் வேறு. அதாவது உணவு, பகையின்மை, மறைவு என்பன. அவ்விடத்தைத் தேரும்படி பறவையைத் தூண்டும் அடையாளங்கள் வேறு. அதாவது மரங்களின் அமைப்பு, நிழல், ஈரம் என்பன. முன்னவை பயன், பின்னவை குறி. பயனை அறியக் குறியைத் தவிரப் பறவைக்கு வேறு வழி இல்லை. இவ்வொன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இனிச் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

குறிகள் எவை? முதலாவது குறி, காட்டின் அமைப்பு. நமக்கு மரத்தின் பெயர் முக்கியம்; பறவைக்கு மரத்தின் வடிவமே முக்கியம். ராபர்ட் மக்ஆர்தர் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் தம் சகோதரருடன் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி இதனைக் காட்டியது. ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள் உள்ளன என்பதைக் காட்டிலும், இலைப்பரப்பு தரையிலும் இடையிலும் உச்சியிலும் எவ்வாறு அடுக்கடுக்காகப் பரந்துள்ளது என்பதே அங்கு வாழும் பறவை வகைகளின் தொகையை நன்கு தெரிவிக்கிறது என்று அவர்கள் கண்டனர். நம் காட்டுப் பூங்குருவி விரும்புவது, மேலே உயர்ந்த மரங்களின் குடை, நடுவே இளமரங்களும் புதர்களும், கீழே ஈரமான தரை, தரைமேல் தடித்த சருகு. சருகைக் கிளறிப் புழுக்களைத் தின்பது அதன் வழக்கம். இளமரத்தின் கவட்டில் கூடு கட்டுவதும் அதன் வழக்கம்.

இவ்விருப்பம் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா என்று கேட்கலாம். இரண்டாலும் வருகிறது. பீட்டர் க்ளாப்ஃபர் என்னும் ஆராய்ச்சியாளர் 1963-இல் சிறு சிட்டு வகையொன்றை வைத்துச் சோதனை செய்தார. காட்டில் வளர்ந்த சிட்டுகள் பைன் கிளைகளையே நாடின. குஞ்சுப் பருவம் முதல் ஓக் இலைகளுக்கிடையே வளர்க்கப்பட்டவற்றிடம் அந்நாட்டம் குறைந்து காணப்பட்டது. பிறவிக்குணம் ஒரு வரைகோலைத் தருகிறது. வளர்ந்த இடம் அதனைத் திருத்துகிறது.

இரண்டாவது குறி, சென்ற ஆண்டின் அனுபவம். குஞ்சுகளை நல்லபடியாக வளர்த்து அனுப்பிய பறவை, மறு ஆண்டு பெரும்பாலும் அதே இடத்துக்கே வருகிறது. கூட்டை இழந்த பறவை இடம் மாற்றிப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து சென்று, மீண்டும் பழைய தோப்புக்கே திரும்பும் இப்பழக்கம் வியப்புக்குரியதாயினும், காரணம் எளிது: ஒருமுறை பயன் தந்த இடம் மறுமுறையும் தரும் என்னும் நம்பிக்கை.

மூன்றாவது குறி, அண்டை அயல். தன் இனத்தார் பாடும் இடத்தில் பறவை இறங்க விரும்புகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைகளில் கருந்தொண்டை நீலக் கதிர்க்குருவி என்னும் சிறு வலசைப் பறவையை வைத்து ஒரு சோதனை நடந்தது. மாத்யூ பெட்ஸ் என்பவரும் தோழர்களும் அதனை நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டனர். இப்பறவைக்கு அடர்ந்த புதர் வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் புதர் குறைந்த, அதற்குப் பொருந்தாத இடங்களில், கூடு கட்டும் பருவம் முடியும் வேளையில், அப்பறவையின் பாட்டைக் கருவி வாயிலாக ஒலிக்கச் செய்தனர். அப்பருவத்தில் பாட்டுக் கேட்டால், இங்கே குடும்பம் நன்கு நடந்திருக்கிறது என்று பொருள். கேட்ட பறவைகள் நினைவில் வைத்துக்கொண்டு தெற்கே சென்றன. மறு வசந்தத்தில் திரும்பி வந்து, பொருந்தாத அவ்விடங்களிலேயே குடியேறின. கண்ணால் கண்ட புதரின்மையைவிடக் காதால் கேட்ட பாட்டை அவை நம்பின. அண்டை வீட்டில் குடும்பம் இருப்பதைப் பார்த்து வாடகைக்கு வீடு பிடித்த நம் ஆசிரியரை இங்கே நினைவு கூரலாம்.

இம்மூன்று குறிகளும் பல்லாயிரம் ஆண்டுகள் பறவைகளுக்கு உண்மையாகவே வழிகாட்டி வந்தவை. உயர்ந்த மரமும் ஈரத்தரையும் சருகும் எங்குண்டோ அங்கு உணவும் மறைவும் இருந்தன. குறிக்கும் பயனுக்கும் இடையே பிளவு இல்லை. அப்பிளவை உண்டாக்கியது மனிதனின் கோடரியும் கலப்பையுமாம்.

கிழக்கு அமெரிக்காவில் ஐரோப்பியக் குடியேறிகள் காடுகளை வெட்டி வயல்களாக்கினர். இல்லினாய் போன்ற மாநிலங்களில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் வயல்கள் கடல்போல் விரிந்தன. அவற்றின் நடுவே சிறு காட்டுத் துண்டுகள் தீவுகள்போல் எஞ்சின. சாண்ட்லர் ராபின்ஸ் என்னும் பறவை நூலார் தம் தோழர்களுடன் மேரிலாந்தையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சேர்ந்த காடுகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் பறவைகளைக் கணக்கெடுத்து 1989-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வலசைப் பறவைகளுள் பல, காட்டின் பரப்பு குறையக் குறையக் காணக்கிடைப்பது அரிதாயின. மரங்கள் ஒரே வகையாயினும் சிறு துண்டுகளை அவை தவிர்த்தன. ஆனால் காட்டுப் பூங்குருவியோ அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. சிறு துண்டிலும் அது இறங்கியது, பாடியது, கூடு கட்டியது. அதுவே அதற்குக் கேடாய் முடிந்தது.

ஏன் என்று பார்ப்போம். காட்டின் ஓரம் ஒரு தனி உலகம். அங்கே வெளிச்சம் மிகுதி; ஆகவே புதரும் கொடியும் தழைக்கின்றன. மறைவு தேடும் பறவைக்கு அது நல்ல இடமாகத் தோன்றுகிறது. கேட்ஸ், கைசல் என்னும் இருவர் மிச்சிகன் மாநிலத்தில் வயலும் காடும் சந்திக்கும் இடங்களை ஆராய்ந்து 1978-இல் எழுதினர். ஓரத்தை நெருங்க நெருங்கக் கூடுகள் மிகுந்திருந்தன. ஆனால் ஓரத்தை நெருங்க நெருங்கப் பிழைத்து வெளியேறிய குஞ்சுகள் குறைந்திருந்தன. கூடுகள் எங்கு மிகுதியோ அங்கே அழிவும் மிகுதி. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய கதை இது.

அழிப்பவை எவை? ஓரங்களில் திரியும் விலங்குகளும் பறவைகளும் முதற்பகை. ராக்கூன் என்னும் விலங்கு, நீல ஜே என்னும் காக்கை இனப் பறவை, காகம், பாம்பு, வீட்டுப் பூனை ஆகியவை முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. இவை வயலிலும் குப்பையிலும் வீட்டு முற்றத்திலும் இரைதேடிப் பெருகி, அருகிலுள்ள காட்டுத் துண்டுக்குள் எளிதில் நுழைகின்றன. டேவிட் வில்கோவ் என்பவர் காடைமுட்டைகளைச் செயற்கைக் கூடுகளில் வைத்து வெவ்வேறு காடுகளில் சோதித்து 1985-இல் முடிவைக் கூறினார். கிரேட் ஸ்மோக்கி மலைகளின் பெருங்காட்டில் நூற்றுக்கு இரண்டு கூடுகள் அளவே சூறையாடப்பட்டன. ஊர்ப்புறத்துச் சிறு தோப்புகளிலோ பெரும்பாலான கூடுகள் காலியாயின.

இரண்டாம் பகை இன்னும் நூதனமானது. குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதை நாம் அறிவோம். அமெரிக்காவில் மாட்டுக்குருவி என்னும் பறவை இதனையே பிற சிறு பறவைகளுக்குச் செய்கிறது. முன்னாளில் இது புல்வெளிகளில் காட்டெருமைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து, அவற்றின் காலடியில் எழும் பூச்சிகளைத் தின்று வாழ்ந்தது. காடுகள் வெட்டப்பட்டு வயலும் மேய்ச்சல் நிலமும் பெருகவே, கிழக்கு நோக்கிப் பரவியது. திறந்த வெளியில் இரைதேடி, அருகிலுள்ள காட்டு ஓரத்தில் பிறர் கூட்டைத் தேடி முட்டையிடுவது இதன் வழக்கம். ஒரு பெட்டை ஒரு பருவத்தில் 40 முட்டைகள் வரை இடக்கூடும். இதன் குஞ்சு முந்திப் பொரிந்து, விரைவாக வளர்ந்து, கூட்டுக்குரிய குஞ்சுகளின் உணவைப் பறித்துக்கொள்கிறது. காட்டுப் பூங்குருவிக்கு அந்நிய முட்டையை வெளியே தள்ளத் தெரியாது. பெருங்காட்டில் வாழ்ந்த அதன் முன்னோர் இவ்வெதிரியைச் சந்தித்ததே அரிது. எதிர்க்கும் வழியை எங்கிருந்து கற்றிருக்கும்?

இவ்விரு பகைகளையும் ஒருசேர அளந்து காட்டியவர் ஸ்காட் ராபின்சனும் அவருடைய தோழர்களும் ஆவர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒன்பது நிலப்பரப்புகளைத் தேர்ந்து, ஆயிரக்கணக்கான கூடுகளைக் கவனித்து, 1995-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஆராய்ந்த இடத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வரையிலுள்ள நிலத்தில், காடு நூற்றுக்கு 6 பங்கு மட்டுமே எஞ்சிய இடமும் உண்டு. 95 பங்கு உள்ள இடமும் உண்டு. காடு குறையக் குறைய, சூறையாடப்பட்ட கூடுகளும் மாட்டுக்குருவி முட்டையிட்ட கூடுகளும் பெருகின. மிகவும் சிதைந்த பகுதிகளில் காட்டுப் பூங்குருவிக் கூடுகளுள் பெரும்பாலானவற்றில் அந்நிய முட்டை காணப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சிறு துண்டுக்குள் நிற்கும் பறவை பார்ப்பது எது? தலைக்கு மேல் மரக்குடை இருக்கிறது, காலடியில் சருகு இருக்கிறது, புதர் இருக்கிறது, ஒருவேளை அயலாரின் பாட்டும் இருக்கிறது. குறிகள் யாவும் சரியாகவே உள்ளன. கேடு இருப்பது துண்டுக்கு வெளியே, சுற்றியுள்ள பத்துக் கிலோமீட்டர் நிலத்தில். அந்நிலத்தை எடைபோட்டுப் பார்க்கும் அறிவு அப்பறவைக்கு வாய்க்கவில்லை; வாய்க்க வேண்டிய தேவையும் முன்பு இருந்ததில்லை. எனவே பறவையை மூடம் என்று நாம் இகழ்வதற்கில்லை. அது தன் பாடத்தைச் சரியாகவே படித்திருக்கிறது. நாம்தாம் இடையில் சொற்களின் பொருளை மாற்றிவிட்டோம். இவ்வாறு நல்ல குறிகளைக் காட்டித் தீய பயனைத் தரும் இடத்தை உயிர்நூலார் கண்ணி என்றே அழைக்கின்றனர்.

அப்படியானால் இச்சிறு தோப்புகளில் ஆண்டுதோறும் பறவைகள் பாடிக்கொண்டிருப்பது எவ்வாறு என்று நீங்கள் கேட்கக்கூடும். விடை இது: அவை அங்கே பிறந்தவை அல்ல. மிசௌரியின் ஓசார்க் மலைக்காடுகள் போன்ற பெருங்காடுகளில் இப்பறவைகள் மிகுதியாகக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கு இடம் போதாமல் வெளியேறும் இளம்பறவைகள் சிறு தோப்புகளில் வந்து குடியேறுகின்றன. ரொனால்ட் புல்லியம் என்பவர் 1988-இல் இந்நிலையை ஊற்றுக்கும் வடிகாலுக்கும் ஒப்பிட்டு விளக்கினார். ஊற்று சுரக்கும்வரை வடிகாலிலும் நீர் ஓடும். ஊற்றை அடைத்துவிட்டால் வடிகால் தானே வறண்டுபோகும். ஆகவே ஒரு தோப்பில் பாட்டுக் கேட்கிறது என்பதால், அத்தோப்பு பறவைகளை வாழ்விக்கிறது என்று முடிவு செய்வது தவறு. எண்ண வேண்டியது பாடும் பறவைகளை அன்று. பறந்து வெளியேறும் குஞ்சுகளை.

இதனால் சிறு தோப்புகள் யாவும் பயனற்றவை என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. வீடு வேறு, சத்திரம் வேறு. குடும்பம் நடத்தத் தகாத இடம் ஓர் இரவு தங்கத் தக்கதாக இருக்கலாம். வசந்த காலத்தில் இப்பறவைகளுள் பல, யுகாட்டான் தீபகற்பத்திலிருந்து மாலையில் புறப்பட்டு, மெக்ஸிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. இடையே இறங்க இடம் இல்லை. எதிர்காற்றும் மழையும் குறுக்கிட்டால், மறுநாள் வடகரையை அடையும்போது உடலிலுள்ள கொழுப்பெல்லாம் தீர்ந்து துவண்டு விழுகின்றன. லூயிசியானா, டெக்ஸாஸ் கரையோரங்களில் பழைய மணல்மேடுகளின்மேல் சில ஓக் மரத் தோப்புகள் உள்ளன. களைத்த பறவைக்கு அங்கே தேர்வுக்கு இடம் இல்லை. கண்ணிற் பட்ட முதல் பசுமையில் இறங்குகிறது. அங்கே நான்கு ஏக்கர் தோப்பு ஓர் உயிர்காக்கும் மருந்து. கூடு கட்டும் வேளையில் பரப்பும், வழியில் தங்கும் வேளையில் இருக்கும் இடமும் முக்கியமாகின்றன. ஒரு காட்டுத் துண்டின் மதிப்பை, அது எந்தப் பறவைக்கு, எந்த மாதத்தில், எதற்காகப் பயன்படுகிறது என்று கேட்ட பின்னரே சொல்ல வேண்டும்.

குளிர்கால இருப்பிடத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பிரிட்ஜெட் ஸ்டச்பரி என்னும் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் 2007-இல் பென்சில்வேனியாவில் காட்டுப் பூங்குருவிகளின் முதுகில், பகல் இரவின் நீளத்தைக் கொண்டு இடத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியைப் பொருத்தினர். கருவியின் எடை ஒன்றரைக் கிராம் அளவு. மறு ஆண்டு திரும்பி வந்தவற்றைப் பிடித்துப் பார்த்து, முடிவை 2009-இல் வெளியிட்டனர். ஒரே காட்டில் கூடு கட்டியவை, ஹாண்டுராஸ், நிகராகுவா நாடுகளை ஒட்டிய குறுகிய பகுதியிலேயே குளிர்காலத்தைக் கழித்தன என்று தெரியவந்தது. அங்கே காடு அழிந்தால், இங்கே பென்சில்வேனியாவில் பாட்டுக் குறையும். ஒரு பறவையின் வாழ்வு இரண்டு நாடுகளின் காடுகளையும் அவற்றிடையேயுள்ள தங்கிடங்களையும் நம்பி நிற்கிறது.

இவையெல்லாம் சேர்ந்ததன் விளைவு யாது? 1966-இல் தொடங்கிய வட அமெரிக்கப் பறவைக் கணக்கெடுப்பின்படி, காட்டுப் பூங்குருவியின் தொகை அன்றிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

நேயர்கள், இது அமெரிக்காவின் கதைதானே என்று எண்ணலாம். கூடு கட்டும் கதை அங்கே நடக்கிறது. குளிர்காலக் குடியிருப்பின் கதையோ நம் வீட்டு வாயிலிலேயே நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வடநாட்டுப் பறவைகளுக்கு ஹாண்டுராஸ் போன்றவை. இமயத்தில் கூடு கட்டும் நீல ராபின் இங்கே சோலைகளின் அடிப்புதரில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. காக்கேசிய மலைகளிலும் வடபாரசீகத்திலும் கூடு கட்டும் பச்சைக் கதிர்க்குருவி, எட்டுக் கிராம் அளவே எடையுள்ளது, இம்மலைகளின் மரக்கிளைகளில் இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்குகிறது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி என்று நம் மக்கள் பெயரிட்ட வண்ணப் பறவையும் வட இந்தியாவிலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் வருவதே.

இவை நம்மிடம் வந்து சும்மா சுற்றித் திரிகின்றன என்று எண்ணவேண்டா. களக்காடு முண்டந்துறைக் காட்டில் 1990-களில் நடந்த ஆராய்ச்சியில், இக்கதிர்க்குருவிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுதும் குரல் கொடுத்து அதனைக் காத்துக்கொள்வது காணப்பட்டது. ஆகவே இங்கும் நல்ல மனை, தாழ்ந்த மனை என்னும் பாகுபாடு உண்டு. நல்ல காடு குறைந்தால், இடம் கிடைக்காதவை பூச்சி குறைந்த இடத்துக்குத் தள்ளப்படும். அங்கே உடல் தேறாமல் வடக்கே நெடும்பயணம் மேற்கொள்ள நேரும்.

நம் மலைகளிலும் காடு துண்டுபட்டே கிடக்கிறது. ஆனைமலைப் பகுதியிலுள்ள வால்பாறைப் பீடபூமியில் 1890-களில் தொடங்கிக் காடுகள் வெட்டப்பட்டு, காப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. ஓடைக் கரைகளிலும் சரிவுகளிலும் மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சின. இத்துண்டுகளில் நடந்த பறவை ஆராய்ச்சி, துண்டின் அளவோடு அதனைச் சுற்றியிருப்பது எது என்பதும் முக்கியம் என்று காட்டியது. திறந்த தேயிலைக் காட்டைவிட, மர நிழலில் வளரும் காப்பியும் ஏலமும் காட்டுப் பறவைகளுக்கு இடம் கொடுக்கின்றன. நிழல் மரங்களிலும் வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தை மட்டும் வரிசையாக நட்ட தோட்டத்தைவிட, நம் காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த தோட்டம் பறவைக்கு உகந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் சிலர், தோட்ட உரிமையாளர்களின் இசைவுடன் அங்கே நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து, சிதைந்த துண்டுகளில் நட்டுவரும் பணியைத் தொடங்கினர். பொறுமை வேண்டும் பணி இது. மழைக்காட்டு மரம் ஒரு தலைமுறையில் முற்றி நிற்பதன்று.

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, பெருங்காடுகளை மேலும் பிளக்கலாகாது. ஒரு புதிய சாலை எடுத்துக்கொள்ளும் மரங்கள் சிலவே; ஆனால் அது உண்டாக்கும் ஓரமோ சாலையின் இருபுறமும் நெடுக நீள்கிறது. ஊற்றாக விளங்கும் காட்டை நான்காகப் பிளந்தால், பரப்பு அதிகம் குறையாமலே ஊற்று வறண்டுபோகக்கூடும். இரண்டாவது, சிறு துண்டுகளை ஒதுக்கிவிடலாகாது. அவற்றைச் சுற்றி மரநிழலை வளர்த்து, ஒன்றோடொன்று இணைத்து, கண்ணியாக இருப்பதைச் சத்திரமாகவாவது மாற்ற வேண்டும். மூன்றாவது, பறவையின் குறிகளை அறிந்த நாம் அவ்வறிவை அதன் நன்மைக்கே பயன்படுத்த வேண்டும். டெக்ஸாஸ் மாநிலத்தில் கருந்தலை வீரியோ என்னும் அரிய வலசைப் பறவையின் பாட்டை, அது அதுவரை குடியேறாத நல்ல இடங்களில் ஒலிக்கச் செய்து, அதனை அங்கே அழைத்தனர். மாட்டுக்குருவிகளைப் பொறிவைத்துப் பிடித்து அப்புறப்படுத்தினர். இத்தகைய முயற்சிகளால் அதன் தொகை பெருகி, 2018-இல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. பொருந்தா இடத்துக்கு இழுத்துச் சென்ற அதே பாட்டு, இங்கே நல்ல இடத்துக்கு வழிகாட்டியது.

பறவை தன் குறிகளை ஒரு தலைமுறையில் மாற்றிக்கொள்ள இயலாது. மரக்குடையையும் சருகையும் பாட்டையும் அது நம்பியே இறங்கும். அக்குறிகளை மீண்டும் உண்மையாக்குவது, அவற்றைப் பொய்யாக்கிய மனிதனால் மட்டுமே ஆகக்கூடியது. வரும் ஐப்பசியில் உங்கள் ஊர்த் தோப்பில் புதிய குரல் ஒன்று கேட்குமானால், கேட்டு மகிழுங்கள். உடனே அத்தோப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து, வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.